ஐ-பைவ் எண்டா ஐ-பைவ்தான்

"அன்ரி, ஐ-பைவ் எண்டா ஐ-பைவ்தான். அதுக்குள்ள என்ன பழசு, புதுசு?"

திருகோணமலை நகரத்தில் ஒரு கடை. பெயர் வேண்டாம். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்றாகிவிடும். கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு தாய், பக்கத்தில் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கும் மகள். நான் சார்ஜர் வாங்கப் போனவன். தாய் கைப்பையிலிருந்து காசை எடுத்தபோது அடகுச் சீட்டும் கூடவே வெளியே வந்தது. அவசரமாக உள்ளே தள்ளினார். மேசையில் கிடந்த லெப்டொப்போ எந்த நாட்டு அலுவலகத்திலோ ஏழெட்டு வருடம் மாடாக உழைத்து, பென்ஷன் இல்லாமல் நாடு கடத்தப்பட்டு வந்தது. மணிக்கட்டு படும் இடம் தேய்ந்து மினுங்கியது. விசைப்பலகையில் இரண்டு எழுத்துகள் அழிந்தே போயிருந்தன. அந்தத் தேய்மானத்தின் மேல் மட்டும் நேற்று ஒட்டியது போல ஒரு நீல ஸ்டிக்கர்: ஐ-பைவ்.

பிள்ளை கேட்டாள்: "எத்தனையாவது ஜெனரேஷன், அண்ணா?"

கேட்டது சரியான கேள்வி. ஐ-பைவ் என்ற பெயரை இன்டெல் 2009இல் வைத்தது. அதற்குப் பிறகு வந்த பல தலைமுறைகளுக்கும் அதே பெயர்தான். எங்கள் ஊரில் பேரனுக்குப் பாட்டனின் பெயரை வைப்பதில்லையா, அதுபோல. கந்தசாமிக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள், வரப்போவது பாட்டன் கந்தசாமியா பேரன் கந்தசாமியா என்று விசாரிப்பார்களா இல்லையா? "கந்தசாமி எண்டா கந்தசாமிதான்" என்று தரகர் சொன்னால் செருப்பு பறக்கும். கணினிக் கடையில் அதே பதிலைச் சொன்னால் நாங்கள் தலையாட்டிவிட்டு, பை ஒன்று இலவசமாகக் கிடைக்குமா என்று கேட்போம். பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடு, அதற்குப் பின்னால் ஒரு இலக்கம். அந்த இலக்கம் ஆறில் தொடங்கினால் ஆறாம் தலைமுறை. அவ்வளவுதான் சூத்திரம். ஸ்டிக்கரில் அந்த இலக்கம் இருக்கவில்லை.

பிள்ளையின் கேள்விக்குப் பதில் வரவேண்டிய இடத்தில்தான் எச்பி மாஸ்டர் புகுந்தார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர். "தங்கச்சி, ஜெனரேஷனை விடுங்கோ. பிராண்டைப் பாருங்கோ. எச்பி எண்டா வாழ்நாளுக்குப் பயமில்லை." உடனே வாசலில் நின்ற ஒருவர் எச்பி சுடும், டெல்தான் இரும்பு என்றார். மூன்றாமவர், சூடேறுவது எச்பியின் குற்றமல்ல, திருமலை வெயிலின் குற்றம் என்று நடுநிலை வகித்தார். லெனோவோ சீனனுடையது, சாமானுக்குள் உளவு இருக்கும் என்றார் நாலாமவர். அவர் கையிலிருந்த போன் எந்த நாட்டில் செய்தது என்பதை நான் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் கடை கூட்டமாகிவிட்டது. கடைக்காரத் தம்பி மட்டும் வாயே திறக்கவில்லை. எல்லாரும் சண்டை பிடித்து முடிய, பில் புத்தகத்தை எடுத்தார். பிள்ளையின் கேள்வி எங்கே போனது? யாருக்கும் நினைவில்லை. அந்தத் தம்பிக்குச் சம்பளம் வாங்காத விற்பனைப் பிரதிநிதிகள் நாலு பேர் அன்று வாய்த்தார்கள். நாங்கள்தான் அந்த நாலு பேர்.

இந்தப் பிராண்ட் பக்தர்களை ஒருநாள் சீனக்குடாவுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அங்கே பிரிமா மா ஆலை இருக்கிறது. கப்பலில் வந்த கோதுமை அங்கே மாவாகி மூடையில் வெளியே வருகிறது. அந்த மூடை இந்தப் பேக்கரிக்கும் போகும், எதிர்ப் பேக்கரிக்கும் போகும். ஒன்றின் பாண்தான் பாண், மற்றதன் பாணை நாய் தின்னாது என்று சத்தியம் பண்ணுகிற ஆட்களை எனக்குத் தெரியும். லெப்டொப் கதையும் இதுதான். தாய்வானின் குவான்டா என்ற நிறுவனம் ஆப்பிளுக்கும் செய்து கொடுத்திருக்கிறது, டெல்லுக்கும் செய்து கொடுத்திருக்கிறது, எச்பிக்கும் செய்து கொடுத்திருக்கிறது. கொம்பால், விஸ்ட்ரான் என்று இன்னும் சில ஆலைகள். மூடிதான் வேறு, மூடியில் குத்தும் முத்திரைதான் வேறு. பேக்கரிக்குப் பேக்கரி பாண் வித்தியாசப்படும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாமன் மச்சான் பேச்சுவார்த்தை முறிகிற அளவுக்கா?

விலைக்கு வருவோம். உலகத்தின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எங்களுடையது என்று பாலர் வகுப்பிலிருந்து மார்தட்டுகிறோம். பிரித்தானியனின் கடற்படைத் தளமே இதற்குள் இருந்தது, 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான்காரன் தேடிவந்து குண்டு போட்டான் என்று பெருமையாகச் சொல்கிறோம். குண்டு நேராக வந்தது. லெப்டொப் நேராக வராது. அது கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலனில் இறங்கி, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கொலுவிருந்து, 260 கிலோமீற்றர் அளவுக்கு லொறியிலோ பஸ்ஸிலோ குலுங்கி, ஹபரணைக் காட்டில் யானைக்கு வழிவிட்டுத் துறைமுகப் பட்டினத்துக்கு வந்து சேரும். ஒவ்வொரு கைமாறலிலும் விலை ஒரு படி ஏறும். எங்கள் துறைமுகத்தில் கோதுமை இறங்கும், சீமெந்துக்கான கிளிங்கர் இறங்கும். எங்களுக்கு வேண்டிய மற்றதெல்லாம் இறங்குவதை நாங்கள் கொழும்பு ரிவியில் பார்க்கலாம்.

"எல்லாம் வற் வரி, அண்ணை" என்பார் கடைக்காரர். 2024 ஜனவரியில் 18 வீதமானதிலிருந்து அந்த வரி எல்லாக் கடையிலும் வாய்ப்பாடு. விலை கேட்கும்போது வற் வரும். பில் கேட்டால் வராது. துண்டுக் கடதாசியில் ஒரு தொகை, ஒரு கையெழுத்து, "உத்தரவாதம் ஒரு கிழமை, எரிஞ்சதுக்கு இல்லை" என்ற ஒரு சுலோகம்.

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதம் 360. ஆயிரம் டொலர் லெப்டொப் இரண்டு இலட்சத்திலிருந்து மூன்று இலட்சத்து அறுபதுக்குப் போக இரண்டு மாதம் போதுமாயிருந்தது. நாட்டை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களிடம் எந்த ஜெனரேஷன் என்று நாங்கள் கேட்கவில்லை. அதே மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. மேசைக் கணினியா, லெப்டொப்பா என்று வருடக்கணக்காக நடந்த விவாதத்தை மின்சார சபை அந்த ஒரே மாதத்தில் தீர்த்து வைத்தது. இரண்டுமே ஓடவில்லை.

ஆப்பிள்காரர்கள் தனிச் சாதி. இங்கே ஆப்பிள் விளைவது லண்டனிலும் ரொறன்ரோவிலும். சித்தப்பா ஒருவர் வரும்போது பெட்டிக்குள் சொக்லேட்டுக்கும் பெர்பியூமுக்கும் நடுவில் ஒரு மக் படுத்து வரும். அது வந்த நாள் முதல் அந்த வீட்டுத் தம்பி வேறு இனம். "மச்சான், விண்டோஸ் எல்லாம் ஒரு கொம்பியூட்டரா?" விலையைக் கேட்டால் பவுணில் சொல்வான். ரூபாயில் பெருக்கும் வேலை எங்களுக்கு. அதே ஆப்பிள்தான் 2024 ஒக்டோபர் வரை எட்டு ஜிபி நினைவகத்தோடு மக் விற்று, இன்னொரு எட்டு வேண்டுமென்றால் 200 டொலர் வை என்றது. தம்பியிடம் இதைச் சொன்னேன். "அது வேற எட்டு, அண்ணை" என்றான். கோணேசர் மேல் கூட எனக்கு இவ்வளவு விசுவாசம் இருந்ததில்லை.

விண்டோஸ்காரர்களை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை, கோபம்தான் வருகிறது. பத்தாவது பதிப்பு 2015இல் வந்தபோது, இதுதான் கடைசி விண்டோஸ் என்று அதைச் செய்கிற நிறுவனத்து ஆளே மேடையில் சொன்னார். 2025 ஒக்டோபர் 14 அன்று அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். பதினொன்றைப் போட வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே கூடாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அந்தப் பிள்ளை ஏன் தலைமுறை கேட்டாள் என்று இப்போது விளங்குகிறதா, மாஸ்டர்? அடகு வைத்த சங்கிலியில் வாங்கிய மெஷின் கடைவாசல் தாண்டும்போதே காலாவதி. இன்னும் ஒரு வருடம் தவணை தருகிறோம், 30 டொலர் கட்டு என்றார்கள். எங்கள் காசுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் அளவு. கட்ட மனமில்லாவிட்டால் உன் அமைப்புகளை எங்கள் சேமிப்பில் கொண்டுவந்து வை என்றார்கள். நன்றாக ஓடுகிற வண்டியை, றோட்டுக்குச் சொந்தக்காரன் வந்து இனி ஓட்டாதே என்கிறான். இது எங்களுக்குப் புதிதல்ல. சீனக்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களை யாருக்குக் கொடுப்பது என்று 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தக் கடிதங்களில் தொடங்கி 2022 ஜனவரிக் கையெழுத்து வரை டில்லியும் கொழும்பும் பேசின. பக்கத்து வீட்டுக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டனவா? எங்களுக்குக் கேட்கப்படாமல் இருப்பது பழகிப்போன விஷயம். அதனால்தான் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ' என்று வாசிக்காமலே அமுக்குகிறோம்.

இந்தக் காலாவதிக்குக் கடைக்காரரிடம் பரிகாரம் உண்டு. "பயப்படாதேங்கோ, லெவனை ஒரு மாதிரிப் போட்டுத் தாறம். ஒரிஜினல்தான். ப்ரீ." கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற வேலை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் காக்கிறது. அதன் பிறகும், மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2017க்குப் போட்ட கணக்கில் இந்த நாட்டில் ஓடிய மென்பொருளில் 77 வீதம் உரிமமில்லாதது. அந்தக் கூட்டமைப்பு தன் நட்டத்தைக் கொஞ்சம் ஊதித்தான் சொல்லும், சரி. ஆனால் களவு விண்டோஸை வைத்துக்கொண்டு விண்டோஸ்தான் உயர்ந்தது என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறானே, அவனை என்ன செய்வது? திருட்டு றெயில் பயணி முதலாம் வகுப்பின் மகிமை பேசுகிறான்.

லினக்ஸ்காரர் எங்கள் ஊரில் ஒருவர் இருந்தார். இலவசம், சுதந்திரம், பழைய மெஷினிலும் ஓடும் என்று அவர் சொன்னதெல்லாம் உண்மை. அயல் வீடுகள் ஐந்தில் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு, பாஸ்வேர்டைச் சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட்டார். அத்தோடு அந்தக் கட்சி திருமலையில் கட்டுப்பணம் இழந்தது. இதில் வயிறெரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் கரையில் ஏறியபோது, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிந்துகொள்ள இந்த நாட்டுப் பிள்ளைகளே திறந்த மென்பொருளில் சகானா என்ற ஒன்றைச் செய்தார்கள். மறுவருடம் பாகிஸ்தானின் நிலநடுக்கத்துக்கு அது போனது, 2010இல் ஹெயிட்டிக்கும் போனது. யாருக்கும் லைசன்ஸ் காசு கொடுக்காமல் எங்களால் எழுத முடியும் என்பதற்கு அத்தாட்சி. அந்தப் பெயரை எச்பி மாஸ்டரிடம் சொன்னேன். ஹிந்திப் படமா என்று கேட்டார்.

இவ்வளவு யுத்தமும் நடக்கிற கணினிக்குள் தமிழ் எங்கே இருக்கிறது?

தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் சொன்னது. விண்டோஸ் 2000 தமிழ் யுனிகோட்டை ஏற்றுக்கொண்டது. 2008இல் இலங்கைத் தரநிலை 1326, தமிழ் எழுத்துக் குறியீட்டை வரையறுத்தது. எல்லாம் கடதாசியில் சுத்தம். போன மாதம் ஒரு அலுவலகத்துக்கு விண்ணப்பம் ஒன்றை யுனிகோட்டில் அடித்துக் கொண்டுபோனேன். "இது எங்கட கொம்பியூட்டர்ல குழம்புது, சேர். பாமினியில அடிச்சு, பென்டிரைவ்ல கொண்டு வாங்கோ" என்றார் அங்கிருந்த எழுதுவினைஞர். பாமினி என்பது தமிழ் முகமூடி போட்ட ஆங்கிலம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். 'தமிழ்' என்று நீங்கள் அடித்த சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். டெல்லிலும் அப்படித்தான் நிற்கும், மூன்று இலட்சத்து மக்கிலும் அப்படித்தான் நிற்கும். இதைப் பற்றி ஒரு கடைவாசலில் ஒருவர் சண்டை பிடித்து நான் பார்த்ததில்லை.

ஆகவே எல்லாரும் கடைசியில் வந்து சேருகிற இடம் நானாவின் கொமினிகேஷன். பஸ் நிலையத்துக்குக் கிட்ட, போட்டோக்கொப்பி மெஷினுக்கும் ரீலோட் கார்ட் பலகைக்கும் இடையில் ஒரு கதிரை, ஒரு மேசை. மேசைக்குக் கீழே பக்கத் தகடு இல்லாத ஒரு அசெம்பிள் பெட்டி, உள்ளே தூசி படிந்த காற்றாடி சுற்றுவது தெரியும். பிராண்ட் இல்லை. ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசை மட்டும் கறுத்துக் கிடக்கிறது. ஓடுவது விண்டோஸ் செவன். கிண்ணியாவிலிருந்து காலையில் வந்து நானா அதைத் தட்டி எழுப்புவார்.

நான் போனபோது வரிசையில் எச்பி மாஸ்டர் நின்றார். பென்ஷன் சம்பந்தமான கடிதம். அவருக்குப் பின்னால் மக் தம்பி, வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு ஏதோ பத்திரம். அவன் மக்கில் பென்டிரைவ் குத்த ஓட்டையில்லை, அடப்டர் வீட்டில். "நானா, டைப்-சி வயர் ஒண்டு இருக்குமோ?" என்று மெதுவாகக் கேட்டான். அவனுக்குப் பின்னால் அந்தப் பிள்ளை, நெஞ்சோடு லெப்டொப் பையை அணைத்தபடி. தாய் வெளியில் நிழலில். மெஷினைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "ஆறு."

நானா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு முதலாவது ஆளை நிமிர்ந்து பார்த்தார்.

"மாஸ்டர், என்ன பொண்ட்? பாமினியா, யுனிகோட்டா?"

மாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பிள்ளையைப் பார்த்தேன்.