பூந்தமல்லிக்குப் பன்னிரண்டு கட்டம்

கே: பெயரும் ஊரும் வாங்கி அச்சிடும் சி புரோகிராம் எழுதினேன். ஆவடி, அம்பத்தூர் என்று கொடுத்தால் ஓடுகிறது. தோழியின் ஊரைக் கொடுத்தால் ‘ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்’ என்று நின்றுவிடுகிறது. அவள் பூந்தமல்லி.
– முதலாண்டு மாணவி, அம்பத்தூர் ஓ.டி.

ப: ஊருக்கு 10 கட்டம் ஒதுக்கியிருப்பீர்கள். ஆங்கில எழுத்தில் ஆவடிக்கு 5, அம்பத்தூருக்கு 8, பூந்தமல்லிக்கு 11. சொல் முடிந்துவிட்டது என்று காட்டக் கடைசியில் ஒரு சுழியமும் வேண்டும், ஆக 12. மிஞ்சிய இரண்டும் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிட்டன. 50 கட்டம் ஒதுக்குங்கள். ஸ்கேன்எஃபில் சதவீதக் குறிக்கும் எஸ்ஸுக்கும் நடுவே 49 என்று எழுதுங்கள். அதற்கு மேல் யார் தட்டினாலும் உள்ளே வராது.

தமிழிலேயே ஊர் பெயர் வாங்க ஆசைப்பட்டால் இன்னும் கவனம் வேண்டும். ‘ஆவடி’ கண்ணுக்கு மூன்று எழுத்து. யூடிஎஃப்-8 முறையில் அது 12 பைட். ‘பூந்தமல்லி’ 30 பைட்.

கே: ஐந்து பாடத்துக்கு மார்க் கேட்கச் சொன்னேன். ஆறாவதும் கேட்கிறது. அதற்கு 0 கொடுத்தால் மறுபடி கேட்க ஆரம்பிக்கிறது, முடிவதே இல்லை.
– திருநின்றவூர் மாணவர்

ப: லூப்பில் ‘சிறியது அல்லது சமம்’ போட்டிருக்கிறீர்கள். சி சுழியத்திலிருந்து எண்ணும். ஐந்தாவது மார்க்கின் எண் 4. உங்கள் ஆறாவது மார்க், பக்கத்தில் குடியிருக்கும், லூப்பை எண்ணும் ‘ஐ’ மீது போய் விழுந்திருக்கிறது. ‘ஐ’ சுழியமானால் லூப் முடியாமல் மறுபடி சுற்றத்தானே செய்யும்? ‘சமம்’ வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

கே: நான் தொண்ணூறுகளில் டர்போ சி படித்தவன். ‘ஸெக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று கேள்விப்பட்டதே இல்லை. என் மகள் தினமும் சொல்கிறாள். கவனமில்லாமல் எழுதுகிறாளோ?
– கொரட்டூர் தந்தை

ப: இல்லை சார். டாஸில் காவல் கிடையாது. ஒரு புரோகிராம் நினைத்த இடத்தில் எழுதிவிட்டுப் போகலாம். அதிகம் போனால், முடியும்போது ‘நல் பாயின்டர் அசைன்மென்ட்’ என்று ஒரு வரி வரும். அல்லது கணினியே உறைந்துபோகும். லினக்ஸ் ஒவ்வொரு புரோகிராமுக்கும் எல்லை போட்டு, வெளியே கை நீட்டினால் நிறுத்திவிடுகிறது. நம் காலத்திலும் இதே பிழைகளை எழுதினோம், பிடிபடவில்லை, அவ்வளவுதான். மகளிடம் இதைச் சொல்லுங்கள். ‘எனக்கு இது வராது’ என்று முதலாண்டிலேயே முடிவு கட்டுகிற பிள்ளைகளைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

கே: 40ஆவது வரியில் விழுகிறது. அந்த வரியில் தப்பே இல்லை. நடுவில் ஒரு பிரின்ட்எஃப் போட்டால் சரியாக ஓடுகிறது, எடுத்தால் விழுகிறது!
– பட்டாபிராம் மாணவர்

ப: 2015 டிசம்பரில் கோட்டூர்புரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது, அந்தத் தெருக் குழாயையா பார்த்தோம்? மேலே ஆற்றையும் செம்பரம்பாக்கம் ஏரியையும் பார்த்தோம். நினைவகப் பிழையும் அப்படித்தான். 12ஆவது வரியில் கரை மீறி எழுதியது, 40ஆவது வரியில் யாரோ அந்த இடத்தைத் தொடும்போது வெளிப்படுகிறது. பிரின்ட்எஃப் சேர்த்ததும் நினைவகத்தில் பொருள்கள் இருக்கும் இடம் மாறி, வெள்ளம் யாருக்கும் வேண்டாத மூலைக்குப் போயிருக்கும். பிழை அப்படியே இருக்கிறது.

பிரின்ட்எஃபை நம்பித் தேடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வரிமுடிவுக் குறி போடாவிட்டால் எழுத்து உடனே திரைக்கு வராது, இடையில் தேங்கி நிற்கும். அதற்குள் புரோகிராம் விழுந்தால் தேங்கியதும் போய்விடும். ‘இந்த வரிக்கே வரவில்லை’ என்று தவறாக நினைத்து, வேறு இடத்தில் மணிக்கணக்கில் தேடுவீர்கள்.

லினக்ஸில் ஜிசிசியோடு ‘மைனஸ் ஜி’, ‘மைனஸ் எஃப் சானிடைஸ் ஈக்வல்ஸ் அட்ரஸ்’ இரண்டையும் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். 2013இல் வந்த 4.8 பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. கரை உடைந்த 12ஆவது வரியையே காட்டும். அறிக்கை நீளமாக, சிவப்பாக வரும். பயப்படாமல் மேலிருந்து படித்து, உங்கள் ஃபைல் பெயர் வரும் முதல் வரியில் நில்லுங்கள்.

கே: அப்படியானால் வால்கிரைண்ட் என்ற பிழைதேடும் கருவி தேவையில்லையா?
– அதே மாணவர்

ப: தேவை. மதிப்பே கொடுக்காத மாறியைப் படித்தால் வால்கிரைண்ட் சொல்லும், மேலே சொன்ன சானிடைசர் சொல்லாது. ஃபங்ஷனுக்குள் அறிவித்த அர்ரேயின் கரை மீறினால் சானிடைசர் பிடிக்கும், வால்கிரைண்ட் பெரும்பாலும் விட்டுவிடும். இரண்டையும் தனித்தனியாக ஓட்டுங்கள்.

கே: லேப் நோட்டில் ‘கெட்ஸ்’ இருக்கிறது. பயன்படுத்தலாமா?
– திருமுல்லைவாயல் மாணவி

ப: கூடாது. எத்தனை கட்டம் இருக்கிறது என்று கேட்காமலே அது வாங்கிக்கொள்ளும். 1988இல் இணையத்தை முடக்கிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று இந்தக் கெட்ஸ். 2011ஆம் ஆண்டின் சி தரநிலையிலிருந்தே அதை நீக்கிவிட்டார்கள். எஃப்கெட்ஸ் எழுதுங்கள்.

கே: ஃப்ரீ செய்த பிறகும் அர்ரேயில் பழைய எண்கள் இருக்கின்றன, முதல் சில மட்டும் குப்பை. ஃப்ரீ வேலை செய்யவில்லையா?
– ஆவடி மாணவர்

ப: செய்திருக்கிறது. வீட்டைக் காலி செய்தீர்கள். சுவரில் உங்கள் காலண்டர் இன்னும் தொங்குகிறது. வீட்டுக்காரர் வாசலறையில் தன் கணக்கு நோட்டை வைத்துவிட்டார், அதுதான் முதலில் தெரியும் குப்பை. அடுத்த மால்லாக்கில் வேறு குடித்தனம் வரலாம். பிறகு பழைய சாவியோடு போய் நீங்கள் எழுதினால், கெடுவது அவர்கள் கணக்கு.

ஃப்ரீ செய்த கையோடு பாயின்டரை நல் ஆக்குங்கள். அதே முகவரியை வேறு பாயின்டரிலும் குறித்து வைத்திருந்தால் அதையும் தேடி மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. தப்பவிட்டால் சானிடைசர் மூன்று இடங்களைக் காட்டும்: எங்கே தொட்டீர்கள், எங்கே ஃப்ரீ செய்தீர்கள், எங்கே மால்லாக் செய்தீர்கள். முதலில் நடுவில் உள்ளதைத் திறந்து பாருங்கள்.