சுருக்க லிங்க் பெருமானார்க்கு வாழ்த்துமடல்

முகவரிகளின் முகத்தையே மறைத்து முக்தியளித்த வள்ளலே! 2002-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், ஒற்றைச் சக்கர சைக்கிள் பிரியரான கெவின் கில்பர்ட்சன் தங்களை ‘டைனி யுஆர்எல்’ என்னும் திருநாமத்தில் ஈன்றெடுத்தார். பின்னர் ட்விட்டர் 140 எழுத்துக்குள் திணறிய நாளில் தாங்களே அதற்குப் பிராணவாயு. அந்தத் தேவை தீர்ந்து பல்லாண்டாயிற்று. எத்தனை நீள முகவரியானாலும் அந்தத் தளமே 23 எழுத்தாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. வேலை முடிந்த பின்னும் நாற்காலியை விடாத தங்கள் சேவை மனப்பான்மை, நம் பொதுவாழ்வுப் பெரியோர்க்கே பாடம்.

தமிழ் விக்கிப்பீடியா முகவரியை நகலெடுத்து ஒட்டினால், ஒரு ‘க’கூட 9 குறிகளாகப் பெருகிப் பக்கத்தை அடைத்துக்கொள்ளும், அதைச் சுருக்குவதில் நியாயம் உண்டு என்பர் சிலர். நியாயம் உள்ள இடத்தோடு நின்றுவிடத் தாங்கள் என்ன சாமானியரா?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ‘அவசியம் படிக்கவும்’ என்று அனுப்புகிறார். கீழே பெரியதும் சிறியதுமாக ஆறேழு ஆங்கில எழுத்து, நடுவே ஒரு 7. முன்பெல்லாம் முகவரியைப் பார்த்தாலே எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி, என்ன தலைப்பு என்று தெரிந்து தொலைக்கும். அந்த அறிவுச் சுமையை இறக்கி வைத்தீர்கள். தலையங்கமா, சர்க்கரை நோய்க்கு லேகியமா, மனை விற்பனையா என்பது தொட்டவர்க்கே தரிசனம். தங்கள் குலத்துப் பிட்லி முகவரியின் வாலில் ஒரு கூட்டல் குறி சேர்த்தால் போகுமிடம் முன்கூட்டியே தெரிந்துவிடும். அதைத் தண்டோரா போடாத தங்கள் அடக்கத்தை என்னென்பது!

தங்கள் சமநீதியோ மனுநீதிச் சோழனையும் நாணச் செய்வது. ‘பார்சல் முகவரி தவறு, உடனே திருத்துக’ என்று எஸ்எம்எஸ் விடும் மோசடித் திலகங்களுக்கும் அதே முகமூடி. நேர்மையான வங்கிக்கும் அதே முகமூடி. எவர் கள்ளர், எவர் காவலர் என்ற பேதத்தையே ஒழித்த சமத்துவச் சிகரம் தாங்களன்றோ!

படிக்க வந்தவரை உடனே உள்ளே விடும் அநாகரிகமும் தங்களிடம் இல்லை. எந்த ஊர், எந்தப் போன், எத்தனை மணி என்று சித்திரகுப்தனார் போலக் குறித்துக்கொண்ட பிறகே வழிவிடுகிறீர்கள். தங்கள் குலத்தோர் சிலர் இடையில் ஒரு விளம்பரத்தையும் காட்டி, விருந்தோம்பலில் குறைவைப்பதில்லை.

தங்கள் உறுதிப்பாட்டுக்குச் சரித்திரமே சான்று. 2009-இல் தங்கள் வம்சத்தவர் ஒருவரின் கணினிக்குள் யாரோ புகுந்து, சுமார் 22 லட்சம் லிங்க்குகளை ஒரே பக்கத்துக்குத் திருப்பிவிட்டனர். அத்வைதத்துக்கு இதைவிட எளிய விளக்கம் உண்டோ? தங்கள் பெயர்களின் வால் சில, லிபியா நாட்டுக்குச் சொந்தமானவை. 2010-இல் அந்நாடு, தன் சட்டத்துக்கு ஒவ்வாதென்று அப்படியொரு பெயரைப் பிடுங்கிக்கொண்டது. வீட்டுச் சாவியை அறியாத தேசத்தில் கொடுத்துவைக்கும் துணிச்சல் யாருக்கு வரும்?

தங்கள் குலத்துக் கோடீஸ்வரக் கொழுந்தான கூகுளின் சுருக்கி 2009-இல் அவதரித்து, 2019-இல் புதிய லிங்க் தருவதை நிறுத்திக்கொண்டது. கொடுத்த லிங்க்குகளும் 2025 ஆகஸ்ட் 25 முதல் திறவா என்று 2024-இல் திருவாய் மலர்ந்தது. கெடுவுக்குச் சில வாரம் முன்பு மனமிரங்கி, நடமாட்டம் உள்ளவை மட்டும் பிழைக்கட்டும் என அருள்பாலித்தது. எவரும் தொடாமல் கிடந்த பழைய ஆவணத்துக்கு ஆயுள் எதற்கு? அசல் பக்கம் அங்கேயே குத்துக்கல்லாக இருக்கும். போகும் வழி மட்டும் மறைந்துபோகும். நிலையாமையை இதைவிடச் சிக்கனமாக எந்தச் சித்தரும் உபதேசித்ததில்லை.

பெருமானே, விண்ணப்பம் ஒன்றுண்டு. இந்த மகத்தான கொள்கையை நம் அரசுப் பேருந்துகளுக்கும் நீட்டித்தருள வேண்டும். ‘திருச்சி’, ‘மதுரை’ என்று ஊரைக் காட்டிக்கொடுக்கும் பலகைகளைக் கழற்றிவிட்டு ‘கே7ஜிக்யூ’ என்று மாட்டட்டும். பயணிகள் ஏறும்போதே நடத்துநர் பெயரும் போன் விவரமும் எழுதிக்கொள்ளட்டும். வண்டி எங்கே நிற்கிறதோ, அதுவே தம் சொந்த ஊர் என்று எல்லாரும் இறங்கிக்கொள்ளட்டும்.