காவடி நூடுல்ஸ்: விழுப்புரம் பக்குவம்

முதலில் பெயர். 'டான் டான் நூடுல்ஸ்' என்றதும் கோயில் மணி ஞாபகத்துக்கு வரும். அது இல்லை. சீனத்தில் 'டான்' என்றால் தோளில் சுமை தூக்குவது, அதற்கான தடி. சிச்சுவான் மாகாணத்துத் தெருக்களில் தடியின் ஒரு முனையில் அடுப்பும் பானையும், மறு முனையில் நூடுல்ஸும் கிண்ணங்களும் தொங்கவிட்டு விற்று வந்தவர்களால் வந்த பெயர். நம் பாஷையில் காவடி நூடுல்ஸ். இதை வீட்டில் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். "மயிலத்துக்குக் காவடி எடுக்கிற வீடு இது. பன்னிக்கறிக்கு அந்தப் பேரா வெக்கிற?" என்றார் அம்மா. பங்குனி முழுக்க அடுப்படிப் பக்கம் போக முடியவில்லை.

நாலு பேருக்கு வேண்டியவை: நூடுல்ஸ் 400 கிராம், கொழுப்போடு கொத்திய பன்றிக்கறி கால் கிலோ, எள் நாலு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் பதினைந்து, மல்லாட்டை ஒரு கைப்பிடி, பூண்டு, இஞ்சி, சோயா சாஸ், வெங்காயத்தாள். இவற்றோடு, வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எள்ளுக்கும் மல்லாட்டைக்கும் நீங்கள் சீனா போக வேண்டியதில்லை, திண்டிவனம் போதும். அங்கே உள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கெல்லாம் டி.எம்.வி. என்றுதான் பெயர், திண்டிவனத்தின் சுருக்கம். டி.எம்.வி. 2 என்ற நிலக்கடலை 1940இல் வந்தது. ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் நம்மூர்ப் பெயரைச் சொல்லிப் பல காலம் விதைத்தார்கள். எள்ளிலும் டி.எம்.வி. உண்டு. மல்லாட்டை என்று நாம் சொல்வதே மணிலாக்கொட்டை தேய்ந்து வந்ததுதான். ஆக, கிழக்குக் கடல் சம்பந்தம் நமக்குப் புதிதில்லை.

எள்ளை வெடிக்கும்வரை வறுத்து, நல்லெண்ணெய் விட்டு மிக்சியில் விழுதாக்குங்கள். சீனர்கள் வறுத்த எள்ளில் எண்ணெய் எடுப்பவர்கள். நம் செக்கில் பச்சை எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுகிறோம். அதனால் வறுக்கும் வேலை நம் தலையில். கருகினால் கசக்கும், கசந்தால் அதுதான் சீன ருசி என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் போய்ப் பார்த்ததில்லை.

புளிப்புக்குக் கறுப்பு வினிகர் கேட்பார்கள். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி, திண்டிவனமே புளியங்காடு. அந்த ஊர் வழியாகப் போய்வந்துகொண்டு வினிகர் தேடுவது அவமானம். கெட்டிப் புளிக்கரைசல் ஒரு கரண்டி விடுங்கள்.

அடுத்து சிச்சுவான் மிளகு. இது மிளகு சாதியே இல்லை, நாக்கை மரக்க வைக்கும் ஒரு காயின் தோல். 2013இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் இதை ஆட்களின் உதட்டில் தடவி, அந்த நடுக்கம் நொடிக்கு ஏறக்குறைய 50 அதிர்வு என்று கண்டுபிடித்தார்கள். நம் மின்வாரியம் அனுப்பும் கரண்டும் 50 ஹெர்ட்ஸ்தான். கரண்டு போன ராத்திரியில் இரண்டு மென்றால் கணக்கு சரியாகிவிடும்.

விழுப்புரம் மளிகைக் கடைகளில் நான் கேட்டபோது மிளகைத்தான் எடுத்து நீட்டினார்கள். நாக்கு மரக்க நம்மிடம் உள்ள சரக்கு அக்கரகாரம். நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "புள்ளைக்குப் பேச்சு வரலியாப்பா?" என்றார். நூடுல்ஸுக்கு என்றேன். அதற்குப் பிறகு அவருக்குத்தான் பேச்சு வரவில்லை. வாங்கினால் சிட்டிகைக்கு மேல் போடாதீர்கள், அது மருந்து.

இனி கறி. மற்றதெல்லாம் சமையல், இது ராஜதந்திரம்.

ஞாயிறு காலை ஊருக்கு வெளியே மரத்தடியில் கிடைக்கும், ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. ஆனாலும் இந்தக் கறிக்கென்று ஒரு கறுப்புக் கவர் எங்கிருந்தோ வந்துவிடும், நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை. நான் துணிப்பை கொண்டுபோயிருந்தேன். "வேணாம்ணே, தெரியும்" என்றார் கறிக்காரர். ரத்தம் தெரியும் என்றாரா, நான் வாங்கியது தெரியும் என்றாரா, இன்றுவரை புரியவில்லை.

கொத்தித் தரச் சொன்னால் அங்கே மிஷின் கிடையாது. மிஷின் இருப்பது ஆட்டுக்கறிக் கடையில். "அதுல இது பட்டா நாளைக்கு என் கடையில யாரு சார் நிப்பா?" என்று கேட்பார்கள். நியாயம்தான். நம்மூரில் "பன்னிக்கறி சாப்புடுவீங்களா?" என்று கேட்பது, "உங்க வீடு எந்தத் தெரு?" என்று கேட்பதற்கு நாசூக்கான வழி. அப்படிக் கேட்கிறவரே நாற்பது கிலோமீட்டர் பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போய், அதே கறியை பேக்கன், சாசேஜ் என்று முள்கரண்டியால் குத்தித் தின்றுவிட்டு போட்டோ போடுவார். ஊர் தாண்டினால் தீட்டுக்கு டிக்கெட் இல்லை போலிருக்கிறது. யாராவது விசாரித்தால் 'வெண்பன்றி' என்று சொல்லிப் பாருங்கள். வெண்பன்றி வளர்ப்புக்கு அரசுக் கால்நடைப் பல்கலைக்கழகமே பயிற்சி தருகிறது. 'பன்னி' என்றால் சுளிக்கும் மூக்கு, 'வெண்' சேர்ந்தால் கொஞ்சம் நிமிரும்.

ஆகவே வீட்டிலேயே இரண்டு கத்தியால் கொத்துங்கள். சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் வந்தால் வாழைப்பூ என்று சொல்லலாம். பாத்திரம் பற்றி முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். எனக்குக் கிடைத்தது கைப்பிடி ஒடிந்த ஓர் அலுமினியச் சட்டி, ஒரு கரண்டி, மொட்டைமாடி.

செய்முறை பெரிதில்லை. கறியைச் சட்டியில் போட்டுத் தண்ணீர் சுண்டி, கொழுப்பு உருகி, மொறுமொறுக்கும்வரை வறுக்க வேண்டும். அரைவேக்காடு கூடாது, நாடாப்புழு விளையாட்டில்லை. இஞ்சி, பூண்டு, சோயா சாஸ் சேர்த்து இறக்குங்கள். மிளகாயைக் கரகரப்பாகப் பொடித்து, காய்ந்த கடலெண்ணெயைக் கொஞ்சம் ஆறவிட்டு அதன்மேல் ஊற்றுங்கள். புகையும்போதே ஊற்றினால் பொடி கருகும், தெருவே இருமும், வாழைப்பூக் கதையும் அம்பலமாகும். கிண்ணத்தின் அடியில் எள் விழுது, புளி, மிளகாய் எண்ணெய். மேலே வடித்த நூடுல்ஸ். அதன்மேல் கறி, இடித்த மல்லாட்டை, வெங்காயத்தாள். அடிவரை கிளறிச் சூட்டோடு சாப்பிட வேண்டும்.

மிளகாய் எண்ணெய் மீந்தால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாம். அதில் கறி படவில்லை என்று சத்தியம் செய்து கொடுத்த பிறகு எங்கள் வீட்டில் நாலே நாளில் தீர்ந்தது. அம்மா இன்னொரு பாட்டில் போடச் சொல்லியிருக்கிறார். அலுமினியச் சட்டி மட்டும் இன்னும் மொட்டைமாடியில்தான் இருக்கிறது.