மேடு காணாத எண்ணுக்கு ஒரு புகழுரை

மின்சாரக் கார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது விலை. அடுத்துக் கேட்பது, ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும் என்பது. விற்பனையாளர் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்கிறார். அந்த எண்ணைத்தான் இங்கே புகழப் போகிறேன். அதில் பொய் இல்லை. அதை அளந்தவர்கள் ஒரு கிலோமீட்டரைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. புணேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையங்களில், எழுதிவைத்த விதிப்படி அளந்து, சான்றளித்துக் கொடுத்த எண் அது.

அளக்கும் முறையும் பாராட்டத்தக்கதே. காரை உருளைகளின் மேல் ஏற்றிச் சக்கரங்களைச் சுழலவிடுகிறார்கள். சக்கரம் ஓடுகிறது, கார் நின்ற இடத்தில் நிற்கிறது. அறைக்குள் இதமான வெப்பம். ஏ.சி. போடுவதில்லை. இந்திய ஓட்டச் சுழற்சியின் முதல் பகுதி நகரத்துக்கானது: 195 விநாடிகளுக்கு ஒரு சிறு ஓட்டம், அதையே நான்கு முறை. அதில் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர், சராசரி 19. இரண்டாம் பகுதி 400 விநாடிகள், உச்ச வேகம் 90. பாதை முழுவதும் மட்டம். எத்தனை முறை அளந்தாலும் அதே விடை வர வேண்டும் என்பது அறிவியலின் நியாயமான தேவை. மலையையும் மழையையும் மூட்டை முடிச்சுகளையும் உள்ளே விட்டால் அது நடக்காது. ஆகவே அவற்றை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டு கார்களில் எது சிக்கனம் என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நேர்மையான வழி இல்லை.

2024 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த டாடா கர்வ் மின்சாரக் காரைப் பாருங்கள். அதன் பெரிய பேட்டரி 55 யூனிட். வீட்டு மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட்தான். சுழற்சியின் முதல் பகுதியை மட்டும் ஓட்டினால் 585 கிலோமீட்டர். இரண்டு பகுதிகளையும் சேர்த்து ஓட்டினால் 502. அன்றாட ஓட்டத்தில் கிடைக்கும் என்று நிறுவனமே சொன்னது 400 முதல் 425. கார் ஒன்று, பேட்டரி ஒன்று, எண்கள் மூன்று. மூன்றையும் வெளியே சொன்னதற்காக அந்த நிறுவனத்தை நான் பாராட்டுகிறேன். சொல்லாதவர்களும் சந்தையில் இருக்கிறார்கள். மூன்றில் வாங்குபவர் மனத்தில் பதிவது எது என்பதை மட்டும் விளம்பரத்தின் எழுத்தளவு முடிவு செய்கிறது.

சென்னையிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 520 கிலோமீட்டர். 585 என்ற எண்ணை நம்புகிற ஒரு குடும்பம் விடியற்காலையில் தாம்பரத்தைத் தாண்டும்போது, மாலையில் கொடைக்கானல் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிய பிறகும் மிச்சம் இருக்கும் என்றுதான் கணக்குப் போடும். கூட்டல் கழித்தலில் அந்தக் கணக்கில் பிழையே இல்லை.

திண்டிவனம் தாண்டியதும் கார் 100, 110 என்று போகும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. 80-ல் போகும்போது ஒரு கிலோமீட்டருக்குக் காற்று பிடுங்கும் ஆற்றலைவிட 110-ல் பிடுங்குவது ஏறத்தாழ 1.9 மடங்கு. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே ஏ.சி. இடைவிடாமல் ஓடும். கூரைமேல் பெட்டி கட்டியிருந்தால் அதற்கும் ஒரு வரி. சக்கரத்தில் காற்றுக் குறைந்திருந்தால் அதற்கும் ஒன்று. இந்த ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு 0.16, 0.17 யூனிட் செலவாவது சாதாரணம். 55 யூனிட்டை அதால் வகுத்தால் திருச்சிக்குப் பக்கத்தில் பேட்டரி வறண்டுவிடும். மலை இன்னும் கண்ணிலேயே படவில்லை.

மலைக்கு வருவோம். வத்தலக்குண்டு கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டரில். காட்ரோடு, டம்டம் பாறை, ஊத்து, பண்ணைக்காடு பிரிவு என்று வளைந்து வளைந்து ஏறிப் பெருமாள்மலையை அடைந்தால், பழனியிலிருந்து வரும் மலைப்பாதையும் அங்கேதான் வந்து சேரும். அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்கும் சாலையும் அந்த ஊரிலிருந்துதான் கிளம்புகிறது. அங்கிருந்து கொடைக்கானலுக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் போல. பட்டர் ஃப்ரூட்டும் பிளம்ஸும் பேரிக்காயும் குவித்த கடைகள், தலைக்கு மேலே பெருமாள் முடி. எந்தப் பக்கத்திலிருந்து ஏறினாலும் காரின் பேட்டரிக்கு உண்மையான தேர்வு இந்த ஊர் வரும்போதே பெரும்பகுதி முடிந்திருக்கும்.

கணக்கு எளியது. நான்கு பேரும் பைகளுமாக வண்டியின் எடை 1,900 கிலோ என்று வையுங்கள். அதை 1,800 மீட்டர் தூக்கிவைக்க மட்டும் 9.3 யூனிட் வேண்டும். மோட்டாரிலும் மின்சுற்றிலும் வீணாவதைச் சேர்த்தால் பத்தரைக்கு மேல். சக்கர உராய்வுக்கும் காற்றுக்கும் இன்னும் ஆறு யூனிட் போல. ஆகமொத்தம் பதினாறு, பதினேழு யூனிட். சான்றிதழ் எண்படி பார்த்தால் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வரையுள்ள அறுபது சொச்சம் கிலோமீட்டருக்கு ஆறு யூனிட் போதும். மலை கேட்பது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 30 சதவீதம் காட்டும் திரையோடு, பட்டியலில் 585 கிலோமீட்டர் போகும் கார் ஒன்று வத்தலக்குண்டில் நின்றால், எண் சொல்கிறது 175 கிலோமீட்டர் போகலாமென்று. மலை சொல்கிறது, கொடைக்கானல் எல்லையைத் தொட்டால் பெரிது என்று. எண்ணும் மலையும் இரண்டுமே உண்மை பேசுகின்றன. எண், மலையைப் பற்றித் தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்பதில் உறுதியாக இருக்கிறது. அந்த உறுதியைக் குறைசொல்ல முடியாது.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்தார். மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, காவலுக்குள் பளபளவென்று இருந்த ஆயுதங்களைப் புகழ்ந்தார். அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். உருளை அறையிலிருந்து வெளிவரும் எண்ணும் அப்படி ஒரு கீறலும் படாதது. பெருமாள்மலை ஏறி வந்த காரின் திரையில் மிஞ்சியிருக்கும் எண்தான் களம் கண்டது.

எனக்கு வருத்தம் தருவது இதுதான். மலைக்கு மின்சாரக் காரைவிடப் பொருத்தமான வண்டி குறைவு. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் 2,100 மீட்டரில் தன் வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. மின்மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை; வத்தலக்குண்டில் இருந்த அதே வலு கொண்டை ஊசி வளைவிலும் இருக்கும், கியர் மாற்றும் திண்டாட்டமும் கிடையாது. சீசனில் வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு முன்னால் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அந்த நெரிசலுக்காகத்தான் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வந்தது. அந்த வரிசையில் பெட்ரோல் வண்டி நின்றபடியே எரிபொருளை எரித்துப் புகையைச் சோலைக்குள் விடுகிறது. மின்சாரக் கார் நின்றால் மோட்டாரும் நிற்கிறது. குளிர்ந்த மலைக்காற்றில் கண்ணாடியை இறக்கிவிட்டால் ஏ.சி.யும் வேண்டாம். இவ்வளவு நல்ல வண்டியை நடுவழியில் நிறுத்திப் பார்த்த குடும்பம், ஊருக்குத் திரும்பி எண்ணைத் திட்டுவதில்லை. "மின்சாரக் காரே இப்படித்தான்" என்று பத்துப் பேரிடம் சொல்கிறது. எண் தன் கௌரவத்தோடு பட்டியலிலேயே இருக்கிறது, பழி கார்மேல் விழுகிறது.

இறக்கத்தைப் பற்றியும் அந்த எண் ஒரு வார்த்தை பேசாது. மலையிலிருந்து இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, ஏறும்போது கொடுத்ததில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. உராய்வுக்குப் போனது போக இரண்டு, மூன்று யூனிட் மீளலாம். அறுபது கிலோமீட்டர் வந்தும் திரையிலுள்ள சதவீதம் குறையாமல் கூடியிருப்பதைப் பார்ப்பவருக்கு முதலில் நம்பிக்கை வராது. ஆனால் பேட்டரியில் இடம் இருந்தால்தான் இது நடக்கும். விடுதியில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு கிளம்புகிறவருக்குத் திருப்பி வாங்க இடமில்லை. மோட்டாரின் பிடிப்பு குறைந்து, பாரம் முழுவதும் சாதாரண பிரேக்கின் மேல் விழுகிறது. மார்கழிக் காலையில் பேட்டரி சில்லிட்டிருந்தாலும் இப்படித்தான்: குளிர்ந்த பேட்டரி வேகமாகச் சார்ஜ் ஏற்றுக்கொள்ளாது, கொடுப்பதும் குறைவு. பனிமூட்டத்தில் கண்ணாடி தெளிய ஹீட்டர் போட்டால் அதன் செலவு கிலோமீட்டர் கணக்கில் இல்லை, மணிக்கணக்கில். மெல்லப் போகப் போக, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது கூடும். இத்தனையும் பட்டியலுக்குள் அடங்காது என்பது உண்மை. விற்பனையாளர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்பதும் உண்மை.

வெளியே எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சோதனைக்கூடத்தில் கிடைத்த தூரத்தைப் பொதுவாக 0.7-ஆல் பெருக்கிக் குறைத்த பிறகுதான் காரின் கண்ணாடியில் ஒட்ட அனுமதிக்கிறது. ஐரோப்பா 2017-ல் பழைய சுழற்சியைக் கைவிட்டுக் கடினமான புதிய சுழற்சிக்கு மாறத் தொடங்கியது. நார்வேயில் மோட்டார் வாகனச் சங்கம், குளிர்காலத்திலும் கோடையிலும் கார்களை நிஜச் சாலையில் பேட்டரி தீர்ந்து நிற்கும்வரை ஓட்டி, சான்றிதழுக்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கார்வாரியாக வெளியிடுகிறது. 2024-ல் அந்த நாட்டில் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரக் கார்கள். குறைவான எண்ணைச் சொன்னதால் அங்கே யாரும் வாங்காமல் போகவில்லை. நம் எண்ணோ அந்தத் தாழ்வுக்கெல்லாம் ஆளாகாமல் நிமிர்ந்து நிற்கிறது.

நூறு மீட்டர் உயரம் ஏற இத்தனை யூனிட் என்ற ஒரு வரி போதும். மேலே சொன்ன வண்டிக்கு அது ஏறக்குறைய 0.6. நெடுஞ்சாலையில் மணிக்கு 100 போனால் நூறு கிலோமீட்டருக்கு இத்தனை யூனிட் என்று இன்னொரு வரி. இந்த இரண்டையும் தெரிந்தவர் திண்டுக்கல்லிலோ அதற்கு முன்னாலோ நிறுத்தி ஏற்றிக்கொண்டு, ஏ.சி.க்கும் நெரிசலுக்கும் பத்து சதவீதம் ஒதுக்கி, நிம்மதியாகப் பெருமாள்மலைக்கு வந்து சேர்வார். மேலே தங்குமிடத்தில் 15 ஆம்பியர் பிளக் இருந்தால் ஒரு மணிக்கு மூன்று யூனிட் போல ஏறும். 80 சதவீதத்தில் பிடுங்கிவிட்டு, மறுநாள் பழனிப் பக்கம் இறங்கும்போது மலை திருப்பித் தருவதை வாங்கிக்கொள்ள இடம் வைத்திருப்பார்.