எதிர்காலம் எடைக்குக் கிடைக்கும் இடம்

அறிவியல் புனைகதை என்பது இன்றைய அறிவியலை ஆதாரமாகக் கொண்டு இன்னும் நடக்காதவற்றை நடந்தவை போலச் சொல்லும் இலக்கிய வகை. பழைய புத்தகக் கடை என்பது ஒருவர் படித்து முடித்ததையோ, முடிக்க மாட்டாமல் கைவிட்டதையோ இன்னொருவர் தலையில் மலிவாகக் கட்டும் வணிக வகை. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் எதிர்காலத்தின் மீது எப்போதும் தூசி படிந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். சென்னையில் இந்தச் சந்திப்பு நெடுங்காலம் நிகழ்ந்த இடம், 1900இல் திறக்கப்பட்டு 1985 மே மாதத் தீயில் அழிந்த மூர் மார்க்கெட். தீக்குப் பின் அங்கிருந்த வணிகர்கள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்குப் பெயர, திருவல்லிக்கேணியின் பாரதி சாலை நடைபாதையும் மயிலாப்பூரின் லஸ் முனையும் பழைய புத்தகங்களைத் தரையில் பரப்பி வாசகரின் முழங்கால் வலிக்குத் தம்மாலான பங்கைச் செலுத்தி வந்தன.

நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் கலைக்கு நூலகவியலில் வகைப்பாடு என்று பெயர். உலகம் மதிக்கும் கோலன் வகைப்பாட்டை 1933இல் வெளியிட்ட எஸ். ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர். கடற்கரையை ஒட்டிய அந்த நூலகத்துக்கு நெடுந்தொலைவில் இல்லாத பாரதி சாலை நடைபாதையோ, அவருக்குச் சிறிதும் கடன்படாத வேறொரு வகைப்பாட்டைக் கையாள்கிறது. அதன் ஒரே விதி, தலைப்பு என்ன சொல்கிறதோ அதுவே பொருள் என்பது. இவ்விதியின்படி ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' கட்டட அடித்தளம் பற்றிய சிவில் பொறியியல் நூல்களுக்கு நடுவிலும், எச். ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்' இயந்திரவியல் பாடநூல்களின் அடியிலும், புத்தகங்களைக் கொளுத்தும் அரசைப் பற்றி ரே பிராட்பரி 1953இல் எழுதிய 'ஃபாரன்ஹீட் 451' வெப்ப இயக்கவியல் அட்டவணைகளோடும் குடியிருக்க உரிமை பெறுகின்றன. மாஸ்கோவின் மிர் பதிப்பகம் இயற்பியல் பாடநூல்களோடு அறிவியல் புனைகதைகளையும் ஆங்கிலத்தில் வெளியிட்டதால், ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் 'ஃபார் ரெயின்போ' இரோடோவின் இயற்பியல் கணக்குப் புத்தகத்தோடு ஒரே கட்டில் கிடப்பதற்கும் நியாயம் உண்டு. இயற்பியலாளர்களின் சோதனை தறிகெட்டு ஒரு கோளையே விழுங்க வருவதுதான் அந்நாவலின் கதை என்பதால், இரோடோவோடு மல்லுக்கட்டிய மாணவர் எவரும் இந்த அடுக்குமுறையைத் தவறென்று சொல்லத் துணியமாட்டார்.

இவ்வகை நூல்களுள் பெரும்பாலானவை பேப்பர்பேக், அதாவது கெட்டி அட்டையின்றி மலிவான தாளில் அச்சிட்டு முதுகில் பசை தடவி ஒட்டப்பட்டவை. மரக்கூழில் எஞ்சியிருக்கும் லிக்னின் என்னும் பொருள் காற்றும் ஒளியும் பட்டுப் பழுப்பேறுவதால், விண்வெளியைப் பற்றிய நூல் எதுவாயினும் அது பாட்டனாரின் நிலப்பத்திரம் போன்ற நிறத்தை அடைந்துவிடுகிறது. உள்ளே எப்படியிருந்தாலும் அட்டை மட்டும் வாக்குறுதிகளை வாரி வழங்கும். 1970களில் கிறிஸ் ஃபாஸ் என்னும் பிரிட்டிஷ் ஓவியர் பேந்தர் வெளியீடுகளுக்கு வரைந்த அட்டைகளில் மாநகரமளவு விண்கலங்கள் மஞ்சளும் சிவப்புமாகப் பட்டையடித்துப் பறந்தன. அவற்றை நம்பி 'ஃபவுண்டேஷ'னை வாங்கியவர், பக்கத்துக்குப் பக்கம் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் அதிகாரிகளையும் வணிகர்களையும் சந்தித்துச் சிறிது திகைத்திருக்கக் கூடும்.

அட்டையே இல்லாத பிரதிகளின் நிலை இன்னும் சிக்கலானது. அமெரிக்கப் புத்தக வணிகத்தில், விற்காத பேப்பர்பேக்கின் அட்டையை மட்டும் கிழித்து அனுப்பிவிட்டு முழுத் தொகையையும் திரும்பப் பெறும் வழக்கம் உண்டு; எஞ்சிய நூலை அழித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. இதனால், அட்டையில்லாமல் இந்நூலை வாங்கியிருந்தால் அது திருட்டுச் சொத்து என்று எச்சரிக்கும் குறிப்பைப் பதிப்பகங்கள் உட்பக்கத்தில் அச்சிடலாயின. கரையானும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து அட்டையைத் தின்றுவிட்ட நகரத்தில் இந்தக் குறிப்பைப் படிக்க நேரும் பரம சாதுவான வாசகர், தம்மை ஒரு பன்னாட்டுக் கடத்தல் கும்பலின் உறுப்பினராக உணர்வது இயல்பே.

இத்துறையின் அபூர்வ இனம் ஏஸ் டபுள். அமெரிக்காவின் ஏஸ் நிறுவனம் 1952 முதல் வெளியிட்ட இவ்வரிசையில் இரண்டு நாவல்கள் ஒன்றுக்கொன்று தலைகீழாகச் சேர்த்துக் கட்டப்பட்டன. ஒன்றை முடித்தபின் நூலைப் புரட்டித் தலைகீழாகத் திருப்பினால் அடுத்தது தொடங்கும். ஃபிலிப் கே. டிக்கின் அச்சேறிய முதல் நாவலான 'சோலார் லாட்டரி' 1955இல் இப்படித்தான் லீ பிராக்கெட்டின் நாவலோடு முதுகொட்டி வெளிவந்தது. இத்தகைய நூலுக்கு இரண்டு முன்னட்டைகள் உண்டு, பின்னட்டை கிடையாது. ஆகவே இரண்டு கதைக்கு இரண்டு விலை என்று கடைக்காரரும், பின்னட்டை இல்லாத புத்தகத்துக்குப் பாதி விலை என்று வாடிக்கையாளரும் வாதிட்டால், தருக்க நூலார் எவராலும் தீர்ப்புச் சொல்ல இயலாது.

தமிழ் நூல்களுள் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கது 'பைண்டு வால்யூம்', அதாவது வார இதழ்த் தொடர்கதையை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து வீட்டார் கட்டிவைத்த தொகுப்பு. 1980களில் ஆனந்த விகடனில் வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' அவ்வாறு கட்டப்பட்டுக் கிடைக்குமானால், 2020களின் தொடக்கத்து இந்தியாவில் நடப்பதாகச் சொல்லப்படும் சர்வாதிகார ஆட்சியையும், ஜீனோ என்னும் பேசும் இயந்திர நாயையும், பின்பக்கத்தில் பல்பொடி விளம்பரத்தையும், முடிவு அடுத்த பக்கத்தோடு போய்விட்ட துணுக்கின் முதல் பாதியையும் ஒருசேரப் படிக்கலாம். கதையின் காலம் இன்று கடந்துபோய்விட்டது. துணுக்கு மட்டும் இன்னும் முடியவில்லை.

பேரத்தைப் பொறுத்தவரை, நடைபாதை வணிகத்தில் விலை நூலின் தடிமனைப் பார்த்துத் தொடங்கி வாங்குபவரின் முகத்தைப் பார்த்து முடிகிறது. தேடிக்கொண்டிருந்த நூல் அகப்பட்டதும் புருவத்தை உயர்த்தியவர் அதற்கான அபராதத்தை அங்கேயே கட்டுகிறார். தேறியவரோ பக்கத்திலிருக்கும் நீராவி அட்டவணையை ஆவலுடன் விலை கேட்டு, அது கட்டாது என்று கைவிட்டு, போகிற போக்கில் பிராட்பரியை எடுத்துக்கொள்கிறார். கடைக்காரருக்கும் இந்த நாடகம் மனப்பாடம் என்பதும், மரியாதை கருதியே அவர் அதைக் கடைசிவரை பார்க்கிறார் என்பதும் தனியே ஆராயத்தக்கவை.

இத்துறையில் நிலவும் தலையாய குறை, தொடர் நாவல்களின் முதல் பாகம் ஒருபோதும் கிடைப்பதில்லை என்பது. ஆனால் 1942 முதல் இதழ்க் கதைகளாக வந்த 'ஃபவுண்டேஷன்' 1951 முதல் 1953 வரை மூன்று நூல்களாகி, 1982இல் நான்காம் நூல் பெற்ற பிறகு, அசிமோவ் 1988இல்தான் கதைக்கு முந்தைய நிகழ்ச்சிகளைச் சொல்லும் முன்கதையை வெளியிட்டார். இன்னொரு முன்கதை அவர் மறைந்த பின் 1993இல் வந்தது. எழுதியவரே வரிசையைப் பொருட்படுத்தாத தொடரில் வாசகர் மட்டும் முதல் பாகத்துக்காக விரதம் இருப்பது தேவையற்றது. எனவே மூன்றாம் பாகம் கண்ணில் பட்டால் அன்றே வாங்கிவிடுவது நல்லது; முதல் பாகத்தைப் பிறகு சிவில் பொறியியல் அடுக்கில் தேடிக்கொள்ளலாம்.