ஓய்வெடுக்கச் சொன்னார் டாக்டர்

32 வயதில் முடக்குவாதம் என்று ரிப்போர்ட் வந்தால், மாத்திரைக்கு முன்னால் "இந்த வயசுலயா?" என்ற விசாரணை வந்துவிடுகிறது. மூட்டுவலி பாட்டிகளின் தனிச்சொத்து என்பது ஊர் எழுதிவைத்த பட்டா. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் இந்த நோய்க்கு அந்தப் பட்டா தெரியாது. இளம் வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு 2 முதல் 3 மடங்கு அதிகம் வரும்.

விறைப்பு காலையில்தான் உச்சம். ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். அதாவது, ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடிக்கும் வரை. டிபன் பாக்ஸ் மூடி, யூனிபார்ம் பட்டன், ஷூ லேஸ் எல்லாம் அந்த நேரத்துக்கென்றே படைக்கப்பட்டவை. "வெயிட் தூக்காதீங்க" என்கிறார் டாக்டர். அந்த வெயிட்டோ, "அம்மா, தூக்கு!" என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

மாமியார் முடக்கத்தான் தோசையைச் சிபாரிசு செய்கிறார். மாவரைக்கும் பொறுப்பு நோயாளிக்கே. "ரெஸ்ட் எடும்மா" என்று உருகும் கணவர், அடுத்த மூச்சில் காபி கேட்கிறார்.

இந்த நோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் விழுங்கினால் ஆபத்து. வீட்டார் செய்யும் உதவிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. தோசை தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் விரல் கோணும் முன் ருமட்டாலஜிஸ்டைப் பாருங்கள். மாவைக் கணவர் அரைக்கட்டும்.