வாத்துக்கு 3, மனிதனுக்கு எத்தனை?

துப்பாக்கிக்கும் மேகசின் உண்டு. தீபாவளி மலர், இலவச இணைப்பு எல்லாம் வராது. தோட்டாவை அடுக்கி வைக்கும் டப்பா, அவ்வளவுதான். கிடங்கு என்று பொருள்படும் அரபுச் சொல்லின் கொள்ளுப்பேரன். அந்த டப்பா எத்தனை தோட்டா கொள்ளலாம் என்று அமெரிக்கா ஏறக்குறைய நூறு வருஷமாகப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறது, காசிமேட்டில் வஞ்சிரம் வாங்குகிற தோரணையில்.

முதலில் விலை சொன்ன மாநிலங்களில் ஒன்று மிச்சிகன். 1927-இல், மறுபடி நிரப்பாமல் 16 தடவைக்கு மேல் சுடும் துப்பாக்கி கூடாது என்றது. அதே வருஷம் ரோட் ஐலண்ட் 12 என்றது. ஏன் 16, ஏன் 12? ஜாதகம் பார்த்திருப்பார்களோ என்னவோ. 1934-இல் கொள்ளைக் கும்பல்களை அடக்க வாஷிங்டனில் தேசியச் சட்டமே வந்தது. வரைவில் அந்த 12 இருந்தது. சட்டமாகி வெளியே வரும்போது காணோம், கல்யாண மண்டபத்து வாசலில் விட்ட செருப்பைப் போல.

ஆனால் மறு வருஷம் ஒரு எண் உறுதியாக முடிவானது. வலசை வரும் வாத்துகளைச் சுடும் துப்பாக்கியில் 3 தோட்டாதான். மீதி இடத்தை அடைக்கக் குழாய்க்குள் ஒரு கட்டையைச் செருக வேண்டும். 1935-இல் வந்த விதி இன்றும் அசையாமல் நிற்கிறது. வாத்துக்குச் சங்கமும் இல்லை, ஓட்டும் இல்லை. நாட்டிலேயே உறுதியான பாதுகாப்பு அதற்குத்தான்.

மனிதர்கள் பக்கம் பேரம் மறுபடி சூடானது 1989-இல். துப்பாக்கி முதலாளி பில் ரூகரே நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதி, 15-க்கு மேல் போகும் மேகசினைத் தடை செய்யுங்கள் என்றார். மகான் என்று கையெடுக்குமுன் ஒரு தகவல்: அப்போது அவர் கம்பெனி விற்ற பி85 கைத்துப்பாக்கி கொள்வது சரியாக 15.

1994-இல் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் 10 என்றது. ஏற்கெனவே செய்து முடித்தவற்றுக்கு விலக்கு. அதனால் பழைய மேகசின் புது மேகசினைவிட அதிக விலைக்குப் போனது. பழைய சோற்றுக்கு ஹோட்டலில் கூடுதல் பில் போடுகிற கதை. உற்பத்தியாளர்கள் இன்னொன்றும் யோசித்தார்கள். 10 தோட்டாதான் என்றால் இவ்வளவு பெரிய துப்பாக்கி எதற்கு? சட்டைப்பைக்குள் ஒளித்து வைக்கத் தோதான குட்டித் துப்பாக்கிகள் பெருகின. பத்தே வருஷத்தில், 2004-இல், சட்டம் காலாவதி.

கட்டுப்பாடு கேட்பவர்களிடம் கேலி செய்ய முடியாத ஒரு வாதம் இருக்கிறது. 2011 ஜனவரியில் டூசான் நகரில் 6 பேரைக் கொன்றவனிடம் 33 தோட்டா மேகசின் இருந்தது. அது தீர்ந்து அடுத்ததை மாற்ற முயன்ற நேரத்தில்தான் பொதுஜனம் பாய்ந்து அமுக்கியது. அந்தச் சில நொடிகளைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். அதைக் கேட்க அவர்கள் அனுப்புகிற ஆட்கள்தான் பிரச்சினை.

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட ஒன்பதாம் நாள், டேவிட் கிரகரி என்ற டிவி நெறியாளர் 30 தோட்டா மேகசினைக் கையில் தூக்கிக் காட்டி, இதைத் தடை செய்தால் என்ன என்று தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் தலைமை நிர்வாகியை மடக்கினார். வாஷிங்டனில் அப்போதே அது தடைதான், சார். வைத்திருப்பதே குற்றம். போலீஸ் முன்கூட்டியே கூடாது என்று சொல்லியும் காட்டினார். வழக்கு மட்டும் வரவில்லை.

அடுத்த மாதம் நியூயார்க் கவர்னர் குவோமோ அவசர அவசரமாக 7 என்று சட்டம் போட்டார். போட்ட பிறகுதான் 7 தோட்டா மேகசின் கடைகளில் அநேகமாகக் கிடைக்காது என்பது தெரிந்தது. போலீசுக்கு விலக்கு எழுதவும் விட்டுப்போயிருந்தது. சரி, 10 கொள்ளும் டப்பா வாங்கிக்கொள்ளுங்கள், 7 மட்டும் போடுங்கள் என்று திருத்தினார்கள். திருடன் எண்ணிப் போட்டுக்கொள்வான் என்ற நம்பிக்கையை என்ன சொல்ல! அந்த வருஷக் கடைசி நாளில் ஒரு நீதிபதி 7-ஐத் தூக்கிவிட்டார்.

இவர்கள் எல்லோரையும் மிஞ்சியவர் கொலராடோ எம்.பி. டயானா டிகெட். தேசியத் தடை மசோதாவை முன்னின்று கொண்டுவந்தவர். 2013-இல் ஒரு கூட்டத்தில், இருக்கிற மேகசின்களைச் சுட்டுத் தீர்த்துவிட்டால் தானாகக் குறைந்துவிடும் என்று விளக்கினார். மேகசினைத் திரும்பத் திரும்ப நிரப்பலாம், அம்மா. சாம்பார் தீர்ந்தால் தூக்குவாளியையா தூக்கி எறிகிறோம்?

எதிர்முகாமும் இளைத்ததல்ல. 2019 மார்ச் 29 அன்று சான் டியேகோ நீதிபதி ஒருவர் கலிபோர்னியாவின் 10 தோட்டாத் தடையை ரத்து செய்தார். ஒரு வாரத்தில் அவரே நிறுத்தியும் வைத்தார். அதற்குள் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். விற்றது பத்து லட்சத்துக்கு மேல் என்கிறார்கள். அதற்கு ‘விடுதலை வாரம்’ என்று பெயர் வேறு.

அந்த வழக்கு மேலும் கீழுமாக இழுபட்டு, 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-க்கு 4 என்ற கணக்கில் தடையை உறுதி செய்தது. மாறுபட்ட நால்வரில் ஒருவரான நீதிபதி வேன்டைக்குக் காகிதம் போதவில்லை. தன் அறையில் துப்பாக்கிகளைப் பிரித்துக் காட்டி, மாறுபட்ட தீர்ப்பை வீடியோவாகவே எடுத்து யூடியூபில் ஏற்றினார். நிபுணர் சாட்சி வேலையையும் தானே பார்க்கிறாரே என்று சக நீதிபதி கொதித்து எழுதினார். பெல் பட்டனை அமுக்கச் சொல்லாததுதான் பாக்கி.